நொர்ஸ்க் தீர்ப்புகளை ஆங்கிலமாக்கப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டவை

அழைப்பு லண்டனிலிருந்து வந்தது. "உங்கள் மொழிபெயர்ப்பை வாசித்தேன், நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு கேள்வி. இந்தக் கம்பனி மீது குற்றவழக்கு ஏதும் நடந்ததா?" என்று ஒரு சட்டத்தரணி மிக மரியாதையாகக் கேட்டார். இல்லையே, சரக்கு தாமதமாகப் போனதற்கு நட்டஈடு கேட்ட சிவில் வழக்குத்தான் என்றேன். "அப்படியானால் கடைசிப் பக்கத்தில் ஏன் அக்விட்டட் என்று இருக்கிறது?"

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நோர்வேயில் பேசும் மொழியான நொர்ஸ்க்கில் தீர்ப்பின் முடிவுப் பகுதிக்கு தொம்ஸ்ஸ்லுத்னிங் என்று பெயர். பத்திருபது பக்கம் காரணம் எழுதிவிட்டு, கடைசியில் இலக்கமிட்ட இரண்டு மூன்று வரிகளில் யார் வென்றார், யார் யாருக்குச் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்று சொல்லி முடிப்பார்கள். முதல் வரியில் கம்பனியின் பெயர், பக்கத்தில் ஃப்ரிஃபின்னெஸ் என்று ஒரே ஒரு சொல். அகராதியில் அதற்கு நேரே அக்விட், அதாவது விடுதலை செய், என்று இருந்தது, நானும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன். இந்த ஊரில் கொலைக்குற்றச்சாட்டிலிருந்து தப்பியவனும் ஃப்ரிஃபின்னெஸ்தான், பக்கத்து வீட்டுக்காரன் போட்ட வேலி வழக்கில் ஒரு சதமும் கட்டத் தேவையில்லாமல் வென்றவனும் ஃப்ரிஃபின்னெஸ்தான். ஆங்கிலத்தில் அக்விட் என்றவுடன் குற்றவாளிக்கூண்டு கண்முன் வந்துவிடும். பிரதிவாதிக்குச் சார்பான தீர்ப்பு என்ற பொருளில் 'ஜட்ஜ்மென்ட் ஃபோர் த டிஃபென்டன்ட்' என்று எழுதியிருக்க வேண்டும். தமிழில் ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே பிடிபட்டிருக்கும். காணி வழக்கில் வென்ற மனிதரை நம்மூரில் யாராவது "விடுதலையாகிவிட்டார்" என்று சொல்வார்களா?

இது நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. எண்பதுகளின் கடைசியில் ஃபொல்கெஹெய்ஸ்கூலெ என்ற விடுதிப் பள்ளியின் மாணவனாக நோர்வே வந்தவன் நான்; எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்த வழி அதுதான். மீன் தொழிற்சாலை, துப்புரவு வேலை எல்லாம் பார்த்து முடித்து, ஒரு சட்ட அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். "உனக்கு ஆங்கிலம் வருமே, இதைக் கொஞ்சம் ஆங்கிலத்தில் போட்டுத் தா" என்று ஒரு பக்கத்தில் தொடங்கியது, பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு இங்கே தனி முத்திரை உண்டு, என்னிடம் அது இல்லை. முத்திரை தேவைப்படும் பத்திரமென்றால் அவர்களிடம் கைமாற்றிவிடுவேன். என்னிடம் வருபவை வெளிநாட்டுச் சட்டத்தரணியோ கம்பனியோ வாசித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் தீர்ப்புகளும் ஒப்பந்தங்களும்தான். அவர் தவறான முடிவெடுத்தால் என் ஒரு சொல் காரணமாக இருக்கலாம், இந்தப் பயம் எனக்கு மெதுவாகத்தான் வந்தது.

பயம் வர வைத்த சொல் ஆங்கிலத்தில் 'டிஸ்மிஸ்'. அது ஒரு சாக்கு, எதையும் உள்ளே போடலாம். நொர்ஸ்க்கில் அந்தச் சாக்குக்குள் போகக்கூடிய சொற்கள் குறைந்தது நாலைந்து இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விளைவு வேறு. அவ்வீஸெஸ் என்றால் நீதிமன்றம் வழக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. தவறான நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது, வழக்குப் போட இவருக்கு உரித்தே இல்லை என்று ஏதோ ஒன்று. உள்ளே என்ன நியாயம் இருக்கிறது என்று யாரும் பார்க்கவே இல்லை. மேன்முறையீடு ஃபொர்காஸ்தெஸ் என்றால் உள்ளே கூப்பிட்டு, கேட்டு, யோசித்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹேவெஸ் என்றால் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன, அல்லது வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அதனால் வழக்குக் கோவையை மூடியாயிற்று. ஹென்லெக்கெஸ் நீதிமன்றம் வரைக்கும் போவதே இல்லை, பொலிசும் வழக்குத்தொடுநரும் தங்கள் மேசையிலேயே முறைப்பாட்டை மூடிவைப்பது. ஒப்ஹேவெஸ் என்பது மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை இல்லாமல் செய்வது, பெரும்பாலும் வழக்கு திரும்பக் கீழே போகும்.

ஒருமுறை அவ்வீஸெஸ் என்று இருந்ததற்கு வெறும் டிஸ்மிஸ்ட் என்று எழுதிக் கொடுத்தேன். அனுப்புவதற்கு முன் அலுவலகத்து மூத்த சட்டத்தரணி ஒருவர் பார்த்தார், நல்ல காலம். "இதை வாசிக்கும் ஆள் வழக்கு செத்துவிட்டது என்று நினைப்பான், பணத்தை எடுத்து வேறு எதிலாவது போட்டுவிடுவான், ஆனால் எதிர்த்தரப்பு வழக்கைச் சரியான நீதிமன்றத்தில் திரும்பப் போடலாம், போடத்தான் போகிறது" என்றார். போட்டது, நாலு மாதத்தில். அன்றிலிருந்து இப்படியான சொல் வந்தால் அகராதியைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இந்தச் சொல்லுக்குப் பிறகு அந்த மனிதன் திரும்ப வழக்குப் போடலாமா, முடியாதா? அதற்குப் பதில் தெரிந்தால்தான் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குவேன். 'டிஸ்மிஸ்ட் வித்அவுட் கன்ஸிடரிங் த மெரிட்ஸ்', உள்ளே இருக்கும் நியாயத்தைப் பார்க்காமலே தள்ளுபடி, என்று நீட்டி எழுதினால் அழகில்லை என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும், அழகுக்கா காசு தருகிறார்கள்?

வேலையிலிருந்து நீக்குவதிலும் இதே கதைதான். ஒப்ஸிகெல்ஸெ என்றால் முன்னறிவித்தல் காலம் கொடுத்து நீக்குவது. அவ்ஷேத் என்றால் அந்த நிமிடமே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்புவது, அதற்குத் தொழிலாளி மோசமாக எதையாவது செய்திருக்க வேண்டும். இரண்டையும் டிஸ்மிஸல் என்று ஒரே சொல்லில் போட்டால், ஆட்குறைப்பில் போன அப்பாவியும் கல்லாப்பெட்டியில் கைவைத்தவனும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பெர்மித்தெர்த் என்ற சொல்லைப் பார்த்து 'பெர்மிட்டட்', அனுமதிக்கப்பட்டவர், என்று எழுதிய ஒரு இளைஞனின் வேலையைத் திருத்தியிருக்கிறேன். அது, வேலை இல்லாததால் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்று பொருள்படும் சொல்.

ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள்தான் மிக ஆபத்தானவை. தெரியாத சொல்லென்றால் தேடுவோம். தெரிந்த மாதிரி இருந்தால் தேடமாட்டோம். அரெஸ்த் என்று நொர்ஸ்க்கில் இருக்கிறது. ஆளைக் கைது செய்வதற்குச் சட்டமொழியில் போக்ரீபெல்ஸெ என்று வேறு சொல் உண்டு. சிவில் வழக்குச் சட்டத்தில் அரெஸ்த் என்பது கடனாளி சொத்தை விற்றுவிட்டு ஓடாமல் இருக்க முன்கூட்டியே அதை முடக்கிவைப்பது. "பிரதிவாதியின் சொத்தில் அரெஸ்த்" என்ற வரியை வாசித்துவிட்டு, ஆளைப் பிடித்துவிட்டார்களா என்று கேட்ட வாடிக்கையாளர் இருக்கிறார். இதில் இன்னொரு வேடிக்கை, கப்பலென்றால் ஆங்கிலத்திலும் அரெஸ்ட்தான்! கப்பல் வழக்குகள் நிறைய வரும் ஊரில் இருந்துகொண்டு, வங்கிக் கணக்குக்கு ஒரு சொல், கப்பலுக்கு ஒரு சொல் என்று மாற்றி மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ஃபொர்நார்மெத் என்பது அன்றாடப் பேச்சில் மனம் புண்பட்டவர், கோபித்துக்கொண்டவர். குற்றவியல் தீர்ப்பில் அது குற்றத்தால் பாதிக்கப்பட்டவர். ஒரு பழைய மொழிபெயர்ப்பில் கத்திக்குத்து வாங்கியவரைப் பற்றி 'த அஃபென்டட் பார்ட்டி' என்று எழுதியிருந்தது, ஏதோ கலியாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் மாதிரி. ஆவணத்தைச் சட்டப்படி ஒருவருக்குச் சேர்ப்பிப்பதற்கு ஃபொர்ஷுன்னெல்ஸெ என்று பெயர். தேவாலயத்தில் நற்செய்தி அறிவிப்பதற்கும் அதே சொல்தான், ஆகவே ஆங்கிலத்தில் அழைப்பாணை 'பிரகடனப்படுத்தப்பட்டது' என்று வந்தால் யாரையும் குறைசொல்ல முடியாது, 'ஸர்வ்ட்' என்று திருத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஃபொர்வாரிங் பற்றிச் சொல்ல வேண்டும், இது பலருக்கும் தெரிந்த வழக்கு. 2011 ஜூலை 22 தாக்குதலுக்காக ஒஸ்லோ நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னபோது "77 பேரைக் கொன்றவனுக்கு 21 வருஷம் மட்டுமா?" என்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் எல்லாரும் போன் எடுத்துக் கேட்டார்கள். வெளிநாட்டுச் செய்திகள் பலவற்றில் 21 வருஷச் சிறை என்றே வந்தது. விதிக்கப்பட்டது சாதாரணச் சிறைத்தண்டனை இல்லை, ஃபொர்வாரிங். 21 வருஷம் முடிந்ததும் ஆள் இன்னும் ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கருதினால் ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொண்டே போகலாம், சாகும்வரைகூட. ஆங்கிலத்தில் 'ப்ரிவென்டிவ் டிடென்ஷன்' என்று எழுதுவது வழக்கம். அதுவும் முழுசாகச் சரியில்லை, நம்மவர்கள் காதில் அது வழக்கே இல்லாமல் அவசரகாலச் சட்டத்தில் பிடித்து உள்ளே போடும் தடுப்புக்காவல் மாதிரி விழுகிறது. வழக்கு முடியும்வரை வைத்திருக்கும் வாரெதெக்த் என்ற விளக்கமறியலுக்கும் அதே டிடென்ஷனைப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. நான் முதல் தடவை வரும் இடத்தில் ஃபொர்வாரிங் என்ற சொல்லை அப்படியே வைத்து, ஒரு வரியில் விளக்கிவிட்டு, பிறகு ஆங்கிலச் சொல்லைப் பாவிப்பேன்.

இப்படிச் சொல்லை வைத்து விளக்கும் துணிச்சல் எனக்கு ஒரு மாமியால் வந்தது.

அவருடைய கணவர் இறந்துபோனார். ஒஸ்லோவில் வீடும் வங்கிக் கணக்கும் போக, லண்டனில் ஒரு பழைய சேமிப்புக் கணக்கு இருந்தது. பெரிய தொகை இல்லை. இந்த நாட்டுச் சட்டப்படி, வாழ்க்கைத்துணை இறந்தால் மற்றவர் சொத்தைப் பிள்ளைகளுக்கு உடனே பிரித்துக் கொடுக்காமல் முழுவதையும் தானே எடுத்து வைத்துக்கொண்டு வாழலாம். 60 நாளுக்குள் நீதிமன்றத்துக்கு அறிவித்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஊஷிஃப்தெத் பூ என்று பெயர், சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிரிக்கப்படாத சொத்து. இறந்தவருக்கு வேறு உறவில் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதம் வேண்டும், இவர் மறுமணம் செய்தால் பிரித்துக் கொடுத்தாக வேண்டும், இப்படிச் சில நிபந்தனைகள். மாமி அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்தார், நான் ஆங்கிலத்தில் 'சேர்ட்டிபிகேட் ஒஃப் அன்டிவைடட் எஸ்டேட்' என்று எழுதினேன். முத்திரையுள்ள ஒரு நண்பி பார்த்து முத்திரை குத்தித் தந்தார். லண்டனுக்குப் போனது.

மூன்று கிழமை கழித்து மாமி போன் எடுத்தார். "தம்பி, பாங்க்காரன் சொல்லுறான், சொத்து இன்னும் பிரிபடேல்லையாம், பிரிஞ்சாப்பிறகு வாங்கோ எண்டு. உயில் எங்கை, எக்ஸிகியூட்டர் ஆர் எண்டும் கேக்கிறான். உயிலே எழுதாத மனுசன்ரை உயிலுக்கு நான் எங்கை போறது?"

அந்த வங்கி ஊழியரில் பிழையே இல்லை. நான் எழுதிக் கொடுத்த சொல்லை அவர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். பிரிக்கப்படாத சொத்து என்று இருந்தால், பிரியட்டும், காத்திருப்போம் என்றுதானே எவரும் நினைப்பார்! பத்திரம் சொல்ல வந்தது இதற்கு நேர் எதிரானது: இந்தப் பெண்மணிக்கு எல்லாவற்றையும் பொறுப்பெடுக்க உரித்து உண்டு, இவரிடம் கொடுங்கள். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்து பத்திரம் தலைகீழாகிப் போனது.

இரண்டாம் முறை தலைப்பையே மாற்றினேன். உயிருள்ள துணை இறந்தவரின் சொத்தைப் பொறுப்பேற்று, பிரிக்காமல் வைத்திருக்க உரித்துள்ளவர் என்று நீதிமன்றம் உறுதிப்படுத்தும் சான்றிதழ், இதுதான் ஆங்கிலத்தில் தலைப்பு, நீளமாகத்தான் இருந்தது. கீழே ஊஷிஃப்தெஅத்தெஸ்த் என்ற மூலச்சொல்லை அப்படியே வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று வேறாக்கி மூன்று வரி: இதை வழங்கியது நீதிமன்றம், நோர்வே நடைமுறையில் இந்த நிலையில் உயில் நிறைவேற்றுபவர் என்று ஒருவர் வேண்டியதில்லை, சான்றிதழில் பெயருள்ளவரே கணக்கைக் கையாளும் உரித்துள்ளவர். சின்னத் தொகை என்பதால் வங்கி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, காசு வந்தது. பெரிய தொகையாக இருந்திருந்தால் அந்நாட்டு நீதிமன்றப் பத்திரம் வேண்டும் என்றே நின்றிருப்பார்கள், அதை எந்த மொழிபெயர்ப்பும் தீர்த்திருக்காது. இதையும் முன்கூட்டியே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. மொழிபெயர்ப்பு சரியில்லாததால்தான் பணம் வரவில்லை என்று நம்மேல் வந்து விழும்.

மூலச்சொல்லை வைத்து எழுதினால் மொழிபெயர்ப்பாளனுக்கு வேலை தெரியாது என்று நினைப்பார்களோ என்று எனக்கு முன்பு கூச்சம் இருந்தது. அப்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் கிளாக்கராக இருந்தவர். ஆங்கிலத்தில் எழுதிய உறுதிகளில்கூட 'தேடிய தேட்டம்' என்பதை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதுவார்கள். டச்சுக்காரர் 1707இல் எழுத்தில் தொகுத்த, தேசவழமை என்ற யாழ்ப்பாண வழமைச் சட்டத்தில் வரும் சொல் அது, கலியாணம் செய்தபின் தேடிய சொத்து. யாழ்ப்பாணத்தாரின் கலியாணச் சொத்துப் பற்றிய 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே அந்தத் தமிழ்ச் சொல்லே உட்கார்ந்திருக்கும், எவையெவை தேடிய தேட்டம் என்ற விளக்கத்தோடு. ஆங்கிலேயன் தன் மொழியில் எழுதிய சட்டத்துக்குள் நம்முடைய சொல்லை வைத்து விளக்கும்போது, நான் ஊஷிஃப்தெவை வைக்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

தேடிய தேட்டம் இன்னொரு இடத்திலும் உதவியது. கணவன் மனைவி சொத்துக்கு இங்கே ஃபெல்லெஸ்ஐயெ என்று சொல்வார்கள், பொதுச்சொத்து என்ற பொருளில். அகராதி உடனே 'கம்யூனிட்டி ப்ரொபெட்டி' என்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அந்தச் சொல்லின் பொருள், கலியாணத்துக்குப்பின் ஒருவர் உழைத்துத் தேடியது தேடிய அன்றே இருவருக்கும் சொந்தம். நோர்வேயில் அப்படி இல்லை. கலியாண வாழ்க்கை நடக்கும்போது அவரவர் சொத்து அவரவருக்கே, அவரவர் கடன் அவரவருக்கே. பிரிவிலோ மரணத்திலோதான் கணக்குப் பார்த்துப் பாதியாகப் பிரிப்பார்கள். அப்போதும் கலியாணத்துக்கு முன் இருந்தது, பரிசாகவோ முதுசமாகவோ வந்தது இவற்றை ஒருவர் விலக்கி வைக்கக் கேட்கலாம். ஒரு கம்பனியை வாங்க வந்த அமெரிக்கத் தரப்புக்கு நான் கம்யூனிட்டி ப்ரொபெட்டி என்று எழுதிக் கொடுக்க, பங்குகளை விற்கும் கணவரோடு மனைவியும் உரிமையாளராகக் கையெழுத்திட வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். இரண்டு நாள் தொலைபேசியிலேயே போனது. இப்போது 'பிரியும்போது சரிபாதியாகும் சொத்து' என்று ஆங்கிலத்தில் விரித்து எழுதி, மூலச்சொல்லையும் பக்கத்தில் வைக்கிறேன்.

கலியாணம் கட்டாமல் சேர்ந்து வாழும் ஸாம்பூயெருக்கு 'கொமன் லோ வைஃப்' என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். அந்த ஆங்கிலச் சொல், சேர்ந்து வாழ்ந்ததாலேயே கலியாண உரிமை வந்துவிட்டது என்று சில நாட்டு வாசகரை நினைக்க வைக்கும். இங்கே அவர்களுக்கு வாரிசுரிமை மிகக் குறைவு, பிள்ளை இல்லையென்றால் உயில் இல்லாமல் ஒன்றுமே கிடையாது. 'கோஹாபிட்டன்ட்' உப்புச்சப்பில்லாத சொல்தான், அதனால்தான் அது நல்ல சொல்.

பதவிப் பெயர்களில் ஒரு பெரிய குழி உண்டு. ரிக்ஸ்அத்வொகாத் என்பதைச் சொல் பிரித்து மொழிபெயர்த்தால் அட்டோர்னி ஜெனரல் என்று வந்து நிற்கும். அவர் குற்றவழக்குத் தொடுநர்களின் தலைவர், 'டைரக்டர் ஒஃப் பப்ளிக் ப்ரொஸிகியூஷன்ஸ்'. சிவில் வழக்குகளில் அரசுக்காக வாதாடும் ரெயெரிங்ஸ்அத்வொகாத்தான் ஆங்கிலத்தில் தன்னை அட்டோர்னி ஜெனரல் என்று சொல்லிக்கொள்ளும் அலுவலகம். மாற்றிப் போட்டால் ஒரு நாட்டின் அரசையே மாற்றிப் போட்ட மாதிரி. பதவி, அலுவலகப் பெயர் எதுவானாலும் அந்த அலுவலகம் தன் இணையத்தளத்தின் ஆங்கிலப் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறதோ அதுதான், நம் புத்திசாலித்தனம் அங்கே வேண்டாம். பெயர் மாறும் தேதியையும் பார்க்க வேண்டும். மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியான ஃபில்கெஸ்மன் 2021 ஜனவரியில் ஸ்தாத்ஸ்ஃபொர்வால்தெர் ஆனார், ஆங்கிலத்தில் அதே 'கவுன்டி கவர்னர்' என்றே விட்டுவிட்டார்கள். நான் அது தெரியாமல் 'ஸ்டேட் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று ஒரு புதுப் பதவியை உருவாக்கியிருக்கிறேன்.

சரி, எந்த ஆங்கிலம்? வேலை வந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது, நான் பல வருஷம் கேட்கவே இல்லை. வாதியை அமெரிக்காவில் ப்ளெயின்டிஃப் என்பார்கள். இங்கிலாந்தில் 1999க்குப் பிறகு க்ளெய்மன்ட், ஸ்கொட்லாந்தில் பர்ஸுவர். என்னிடம் வரும் வேலையில் பாதியை வாசிப்பவர் இந்த மூன்று நாட்டுக்காரரும் இல்லை, கொரியக் கப்பல் கட்டும் தளத்தின் ஒப்பந்தப் பிரிவில் இருப்பவர், போலந்தில் இருக்கும் தொழிலாளி. அவர்களுக்கு லத்தீன் கலந்த நீதிமன்ற ஆங்கிலம் தண்டனை. எளிய ஆங்கிலம்தான் நல்லது, இங்கிலாந்துச் சட்டத்துக்கென்றே பிறந்த சொற்களைத் தொடாமல். மெத்தொம்மெர் என்ற, நீதிபதியோடு சமமான வாக்குரிமையோடு அமர்ந்து தீர்ப்பளிக்கும் பொதுமக்களுக்கு 'ஜூரி' என்று எழுதுவதும் இந்த வகைப் பிழை. பழைய ஜூரி முறை மேன்முறையீட்டு நீதிமன்றங்களில் 2018 ஜனவரியோடு போய்விட்டது, இப்போது பாரதூரமான குற்றவழக்கில் இரண்டு நீதிபதிகளும் ஐந்து பொதுமக்களும் ஒன்றாக அமர்கிறார்கள். 'லே ஜட்ஜ்' போதும். ஆனால் 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அப்படியான குற்றவழக்கில் வந்த தீர்ப்பென்றால் அதில் இருந்தது உண்மையான ஜூரியாகவே இருக்கலாம், அதைத் திருத்தி வைத்துவிடக் கூடாது.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் மானம் போகிறது. 'முதல் லெத், இரண்டாம் புங்க்தும்' என்று சட்டத்தை மேற்கோள் காட்டுவார்கள். லெத் என்றால் பந்தி, புங்க்தும் என்றால் வாக்கியம். புங்க்தும் முற்றுப்புள்ளிக்கும் பெயர் என்பதால், பிரிவு மூன்றின் இரண்டாம் முற்றுப்புள்ளி என்று ஆங்கிலத்தில் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். யாம்ஃபெர் என்பதன் சுருக்கத்தை எல்லாரும் கைப்பழக்கத்தில் ஆங்கில 'ஸிஎஃப்' என்று போடுகிறார்கள். நொர்ஸ்க்கில் அது இந்தப் பிரிவை அந்தப் பிரிவோடு சேர்த்து வாசி என்று சொல்கிறது. ஆங்கிலச் சட்ட எழுத்தில் பலருக்கு அது ஒப்பிட்டுப் பார், வேறுபாடு இருக்கிறது என்று சொல்லும் குறி. நான் 'ஸீ' அல்லது 'ரெட் வித்' என்று எழுதுகிறேன். பணத்தொகையில் தசமத்துக்கு இங்கே காற்புள்ளி, ஆங்கிலத்தில் புள்ளி. இதை விளக்கத் தேவையில்லை, ஆனால் அனுப்புமுன் தொகைகளை மட்டும் தனியாக ஒரு தடவை பாருங்கள்.

காணி விஷயம் வந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும், அப்பாவின் வாசனை. ஹெவ்த் என்று ஒன்று. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் காணியைத் தன்னுடையது என்று உண்மையாகவே நம்பி 20 வருஷம் ஆண்டனுபவித்தால் அது அவருக்கே சொந்தமாகும். அகராதியில் 'அட்வர்ஸ் பொஸெஷன்' என்று இருக்கும். இங்கிலாந்தில் அதற்கு நல்லெண்ணம் தேவையில்லை, அடுத்தவன் காணி என்று தெரிந்தே குந்தியிருந்தவனும் கேட்கலாம். இங்கே நல்லெண்ணம் இல்லையென்றால் நூறு வருஷம் இருந்தாலும் ஹெவ்த் இல்லை. வழக்கு முழுவதும் அந்த நல்லெண்ணத்தில் நிற்கும்போது, அது தேவையே இல்லாத ஒரு சொல்லைத் தலைப்பில் வைத்தால் எப்படி? ஊரில் பத்து வருஷ ஆட்சி என்று சொல்வோமே, அதைச் சொல்லும் இலங்கையின் 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் 'ப்ரிஸ்க்ரிப்ஷன்'. அந்தச் சொல்லை எடுத்து, நல்லெண்ணத்தோடு என்று சேர்த்து எழுதினேன், ஸ்கொட்லாந்துச் சட்டத்தரணி ஒருவர் உடனே புரிந்துகொண்டார். பரம்பரைப் பண்ணையை வெளியார் வாங்கினால் குடும்பத்தார் மீட்டெடுக்கும் ஊடெல் உரிமைக்கு நான் எப்போதும் மூலச்சொல்லையே வைக்கிறேன். (ஊடல் இல்லை, ஊடெல். ஆனாலும் அண்ணன் தம்பிக்குள் ஊடலில் தொடங்காத ஊடெல் வழக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.)

காணிப் பதிவுக்குத் திங்லூஸிங் என்று பெயர். முன்பு உறுதியை ஊர்ச்சபையான 'திங்'கில் எல்லார் முன்னும் உரத்து வாசித்துக் காட்டுவார்களாம், அதிலிருந்து வந்த சொல். இப்படிப் பழைய வேர்களைத் தோண்டத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. ஆங்கிலத்தின் 'லோ' என்ற சொல்லே வைக்கிங்குகள் கொண்டுபோய்க் கொடுத்தது என்று அறிந்த நாளில், கடன் கொடுத்தவன் வீட்டிலேயே கடன் கேட்கப் போயிருக்கிறோம் என்று சிரித்தேன்.

இப்போது நிறையப் பேர் இயந்திரத்தில் போட்டு எடுத்து "கொஞ்சம் சரிபார்த்துத் தாருங்கள்" என்று அனுப்புகிறார்கள், பாதி விலைக்கு. நான் பாதி விலைக்கு எடுப்பதில்லை, மணிக்கணக்கில்தான். முன்பெல்லாம் இயந்திரத்தின் ஆங்கிலம் நொண்டும், பிழை தானாகத் தெரியும். இப்போது அது சரளமாக இருக்கிறது, ஒரே சொல்லுக்கு மூன்றாம் பக்கத்தில் ஒன்றும் ஒன்பதாம் பக்கத்தில் இன்னொன்றுமாக அழகழகாக எழுதுகிறது. சட்டத்தில் சொல் மாறினால் பொருள் மாறியது என்று வாசிப்பார்கள் என்பது அதற்குத் தெரியாது. கட்டுரை எழுதுபவன் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் மாற்றுவான், நாங்கள் மாற்றினால் அடிவிழும்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் அகராதி எது நல்லது என்று என்னிடம் கேட்பார்கள். அகராதி வேண்டும்தான், ஆனால் நான் அதிகம் கற்றது உச்ச நீதிமன்றம் தன் தளத்தில் ஆங்கிலத்திலும் வெளியிடும் தீர்ப்புகளை நொர்ஸ்க் மூலத்தோடு பக்கம் பக்கமாக வைத்து வாசித்துத்தான். நோர்வேச் சட்டங்களை வெளியிடும் லொவ்தாதா என்ற இணையத்தளத்தில் பல சட்டங்களின் ஆங்கில வடிவம் இருக்கிறது. அவை அதிகாரபூர்வமானவை அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கும், ஒரு சட்டத்தில் இருக்கும் சொல் மற்றதில் இருக்காது, ஆனாலும் தீர்ப்பு மேற்கோள் காட்டும் சட்டத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதையொட்டி எழுதினால் வாசிப்பவர் தேடிப் பிடிக்க முடியும். இதெல்லாம் போக, ஒரு எக்ஸெல் தாள் வைத்திருக்கிறேன். சொல், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, யாருக்காக எழுதினேன், என்ன போட்டேன், ஏன் போட்டேன், தேதி. 'ஏன்' என்ற கட்டம்தான் விலைமதிப்பானது, மூன்று வருஷம் கழித்து ஒரு சட்டத்தரணி கேள்வி கேட்கும்போது தலையைச் சொறியாமல் பதில் சொல்ல.

அந்தத் தாளில் ஒரு வரிசை இன்னும் சிவப்பில் கிடக்கிறது. ரெயெல்லெ ஹென்ஸீன். சட்டமும் முன்தீர்ப்பும் தெளிவாகச் சொல்லாத இடத்தில், எந்த முடிவு நியாயமாகவும் நடைமுறைக்குப் பொருந்தியும் வரும் என்று நீதிபதி எடைபோடுவதற்கு வைத்த பெயர். 'ரியல் கன்ஸிடரேஷன்ஸ்' என்று எழுதினால் அர்த்தமே இல்லை. 'பொலிஸி' என்று எழுதினால் அரசியல் வாடை வருகிறது. 'ஃபெயர்னஸ்' என்று எழுதினால் பாதிதான் வருகிறது. இதுவரை நாலு விதமாக எழுதிவிட்டேன், நாலுக்கும் 'ஏன்' கட்டத்தில் கேள்விக்குறி. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எனக்கும் ஒருவரி எழுதிப் போடுங்கள், வருகிற கிழமை ஒரு தீர்ப்புக் கொடுக்க வேண்டும், அதில் அது ஆறு தடவை வருகிறது.